அரை கிளட்ச்

"எனக்கு ரிசப்ஷன் வேலை வேண்டாம் சார். ஸ்பானரைக் குடுங்க. ஒரு வண்டியைப் பிரிச்சு, சரி பண்ணி, சேத்துக் காட்டறேன்."

சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த மேனேஜரின் கை நின்றது. பதினெட்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆளெடுக்கிறார். எதிரே உட்கார்ந்தவர்கள் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. இவள் ஸ்பானர் கேட்கிறாள்.

"இன்டர்வியூல நாம எதையும் கேக்கக் கூடாதுன்னு காலேஜ்ல சொல்லித் தரலையாம்மா?"

"முதல் பாடமே அதான் சார். ஆனா எங்க வீட்டுல நான்தான் முதல் டிகிரி. வாயத் திறந்து கேக்காம இருந்திருந்தா அதுவும் கிடைச்சிருக்காது."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. காலியாக இருந்தது பைக் பட்டறை மேற்பார்வையாளர் வேலை. என்ஜினீயரிங் படித்தவள் என்றாலும் பெண்ணாயிற்றே என்று அவர்தான் ரிசப்ஷன் பக்கம் பேச்சைத் திருப்பிப் பார்த்தார். சரி, நகக்கண்ணில் கிரீஸ் ஏறினால் தானே வழிக்கு வருவாள் என்று பட்டறைக்குள் கூட்டிப் போனார்.

எந்த வண்டி வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து, மூலையில் நின்ற ஒரு வண்டியின் மேல் கை வைத்தாள். மூன்று ரிப்பேருக்கு மூன்று ஜாப் கார்டு தொங்குகிறதே, இதுதான் உங்களுக்கே தண்ணி காட்டுகிற வண்டி போலிருக்கிறது என்றாள்.

தலைமை மெக்கானிக் சிரித்துவிட்டார். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வதால் அவருக்கு 'சவுண்டு' என்று பேர்.

"அது அரை கிளட்ச் அக்கா வண்டி பாப்பா. அதுல கை வெச்சா வேலை கிடைச்ச மாதிரிதான்."

கதையையும் அவரே சொன்னார். பார்சல் கம்பெனி பைக். ஓட்டுகிற அம்மாவுக்குக் கிளட்சை முழுசாக விடத் தெரியாது. அரைப் பிடியிலேயே ஓட்டித் தட்டுகளைத் தின்றுவிடுகிறார். மூன்று மாதத்தில் மூன்று தடவை வண்டி வந்துவிட்டது. காரணம் கேட்டு கம்பெனி எழுத, 'ஓட்டுபவரின் தவறு' என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இன்றோடு அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாம்.

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். நாலாவது கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை விட்டாள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அந்த நொடியே அணைந்திருக்க வேண்டும். இது அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது.

கேபிளை ஆட்டிப் பார்த்தாள். அதில் குறையில்லை. ஆயிலை வடித்து, மூடியைக் கழற்றினாள். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். மேனேஜரின் சிரிப்பு அங்கேயே அடங்கிவிட்டது. வெறும் ஏட்டுப் படிப்புக்குக் கை அப்படிப் போகாது.

தட்டுகளைத் துணியில் பரப்பி அளந்தாள். இரும்புத் தட்டு ஒன்றை மேனேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார். கருகின வாடை வருதா? அரை கிளட்ச்ல ஓட்டினா சூட்டுல இது நீலம் பாரிச்சிருக்கும். இது பளபளன்னு இருக்கு. கார்க் தட்டும் போன மாசம் நீங்க போட்டது போட்டபடியே இருக்கு. தேயாத தட்டு வழுக்குதுன்னா, தப்பு அது ஊறுற ஆயில்ல."

எதிலிருந்து ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டாள். சவுண்டு கை காட்டிய இடத்தில், பக்கத்து கார் ஷெட்டுக்குப் பொதுவான சுவரோரம் ஒரு பீப்பாய். அதில் பெரிதாகக் கார் படம். பார்சல் வண்டியை எப்போதும் வந்த அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், ஒவ்வொரு தடவையும் அவசரத்தில் கைக்கெட்டியதை ஊற்றினேன் என்று இழுத்தார்.

"கார்ல கிளட்ச் ஆயில்ல ஊறாது. அதனால அந்த ஆயில்ல வழுக்கறதுக்குன்னே மருந்து சேப்பாங்க. பைக் தட்டுல அது ஏறினா அவ்வளவுதான். தரையில சோப்புத் தண்ணிய ஊத்தி வெச்சுட்டு, உனக்கு நடக்கத் தெரியலன்னு அந்தம்மாவைச் சொல்லியிருக்கீங்கண்ணா."

சவுண்டு சத்தமில்லாமல் போய் பைக் ஆயில் டின்னை எடுத்து வந்தார்.

தட்டுகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தாள். கார்க் தட்டுகளை பைக் ஆயிலில் ஊறப்போட்டு எடுத்து, எல்லாவற்றையும் பூட்டி, புது கேஸ்கட் வைத்து மூடினாள். பைக் ஆயிலை ஊற்றிச் சற்று நேரம் ஓடவிட்டு, மிச்சம் மீதி அழுக்கோடு வடித்து, மறுபடி நிரப்பினாள். சாப்பாட்டு வேளை தாண்டியும் ஒருவரும் நகரவில்லை. நாலாவது கியர், பிரேக். கிளட்சை விட்டாள். இன்ஜின் பொட்டென்று அணைந்தது.

திங்கட்கிழமையே வந்து சேரச் சொன்னார் மேனேஜர், மேற்பார்வையாளராக. தப்பான காரணத்தோடு ஒரு வண்டி இங்கிருந்து வெளியே போகக் கூடாது, முதலில் கம்பெனிக்கு அனுப்பின அந்த ரிப்போர்ட்டைத் திருத்துங்கள் என்றாள் அவள். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. இந்த வேலைக்கு இப்படி ஒரு கறார்தான் வேண்டும். ஆபீஸ் அறைக்குத் திரும்பி, அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: 'நாங்கள் ஊற்றிய தவறான ஆயிலே காரணம். ஓட்டுபவர் மீது எந்தத் தவறும் இல்லை.' கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார்.

அவள் வாங்கி, ஒருமுறை படித்து, ஃபைலில் பத்திரப்படுத்தினாள். மேஜை மேலிருந்த தன் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"அது இங்க இருக்கட்டும்மா. வேலைக்கு வேணுமில்ல?"

"வேலைக்கு வேற இடம் பாத்துக்கறேன் சார். கஸ்டமர் வீட்டு ஆளுங்க யாரும் பட்டறைக்குள்ள வரக் கூடாதுன்னு போன வாரம் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் விண்ணப்பம் போட்டேன்."

கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

"நாளைக்கும் எங்கம்மாதான் பார்சல் கொண்டு போவாங்க."