நாற்பத்தோராவது ஆள்

மத்திய அமெரிக்காவில் முன்பு வாழ்ந்த மாயா மக்களைப் பற்றிய படத்தில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் நாற்பது பேர். ஆறு வகுப்புகளுக்குப் போட்டுக் காட்டிய ஆத்மநாதன் வாத்தியார் எண்ணி வைத்திருந்தார். திருமயம் பள்ளியில் ஊராருக்காகப் போட்ட அன்று திரையில் நாற்பத்தொரு பேர் போனார்கள்.

மழை பொய்த்து, குளங்கள் வற்றி, அந்தக் கல் நகரம் காலியானதைப் படம் சொல்லும். அந்த ஐம்பத்திரண்டாம் வருஷம் இங்கேயும் கண்மாய் வெடித்துக் கிடந்தது.

பின்வரிசையிலிருந்து மலையாண்டி கத்தினான். "வாத்தியாரே, கடைசியா கொடத்தோட போறது எம் பொண்டாட்டி செவந்திங்க! தண்ணிக்குப் போயி மூணு நாளாச்சு!"

"சுருள்ல பதிஞ்சதுதாம்ப்பா திரையில விழும். புதுசா ஆள் சேராது."

"அதெல்லாம் எனக்கெதுக்குங்க? அவளத் திருப்பி விடுங்க!"

புரொஜெக்டரின் பற்சக்கரம் சுருளின் துளைகளைப் பிடித்து இழுக்கிறது. விசையை மாற்றினால் பின்னோக்கியும் இழுக்கும். வாத்தியார் ஒலியை நிறுத்திவிட்டு விசையை மாற்றினார். திரையில் எல்லோரும் பின்னாலேயே நடந்து நகரத்துக்குள் வந்தார்கள்.

பள்ளி வாசலில் யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள்.

அன்றிலிருந்து விடிந்ததும் செவந்தி மறுபடி தண்ணீருக்குப் போய்விடுகிறாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் போதும். முதுகு முன்னே வர நடந்து வீடு வந்துவிடுகிறாள்.