பேத்தைக்குத் தீனி

"நத்தை குடும்மா. நேத்து என் விரலையே பதம் பார்த்துட்டான்!"

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அந்தத் தையல்காரர் வாராவாரம் என் வண்ண மீன் கடைக்கு வந்து இப்படித்தான் ஆரம்பிப்பார். 'அவன்' என்பது நான் விற்ற பேத்தை மீன். கோபம் வந்தால் பந்தாக உப்பும். கூட விட்ட மீனையெல்லாம் கடித்துக் குதறும். நிற்காமல் வளரும் அதன் பல், நத்தை ஓட்டைக் கடித்தால்தான் தேயும்.

"துணைக்கு ஒண்ணு விடட்டுமா?"

"எத்தனை தடவை சொல்றது ஐயா? அது தனியாத்தான் இருக்கும்."

"அதெப்படிம்மா ஒரு உசுரு தனியாவே இருக்கும்?"

அப்புறம் அரை மணி நேரம் அவன் புராணம். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கும். எரிச்சலை அடக்கிக்கொண்டு 'உம்' கொட்டுவேன்.

இந்த வாரம் அவர் வரவில்லை. மீன் பட்டினி கிடக்குமே என்று நத்தைப் பையோடு நானே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். காய்ச்சலில் போர்வையோடு வந்து திறந்தவர், என்னைக் கண்டதும் வாசலை மறித்துக்கொண்டார்.

"அவன் தூங்கறான்மா. குடு, நானே போட்டுக்கறேன்."

அவர் தோளுக்கு மேலாகத் தொட்டி தெரிந்தது. கண்ணாடியெங்கும் அப்பிக் கிடந்தன நான் வாராவாரம் கொடுத்த நத்தைகள், எல்லாம் உயிரோடு. மீனைத்தான் காணோம்.

பையை அவர் கையில் கொடுத்தேன்.

"சரிங்கய்யா, எழுப்ப வேணாம். உடம்பு சரியானதும் கடைக்கு வந்து, அவன் என்ன சேட்டை பண்ணான்னு சொல்லுங்க."