அக்கா நிரப்பிய படிவம்

"முப்பது கேள்விக்கும் 'இல்லை'ன்னு டிக் பண்ணியிருக்கீங்க. ஒண்ணுக்குக்கூடவா 'ஆமாம்' இல்ல?" உளவியல் நிபுணர் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்றீங்களா?" என்றாள் அக்கா.

பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது, லிஃப்ட் மெக்கானிக். தனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகத்தில், எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய அப்பாயின்ட்மென்ட். சின்ன வயதிலிருந்து பார்த்தவர் ஒருவர் உடன் வர வேண்டும் என்றார்கள். அப்பா, அம்மா இருவருமே இல்லை. மூன்று முறை கெஞ்சிய பிறகுதான் அக்கா வந்தாள்.

"சின்ன வயசுல மத்த பசங்களோட சேர்ந்து விளையாடுவாரா?"

"தெருப் பசங்க மொத்தமும் எங்க வீட்லதான் கிடப்பாங்க."

"சத்தம் கேட்டா காதைப் பொத்திக்குவாரா?"

"பக்கத்துல இடி விழுந்தாலும் அசைய மாட்டான்."

"அக்கா, நான் பீரோவுக்குள்ள போய் உட்கார்ந்துக்குவேனே..."

"உனக்கென்ன தெரியும்? அப்ப வாண்டுப் பயல் நீ. கண்ணாமூச்சி ஆடியிருப்ப."

நிபுணர் பேனாவை மூடினார். "சின்ன வயசுல எந்த அறிகுறியும் இல்லேன்னா, ஆட்டிசம்னு நான் எழுத முடியாதுங்க."

"சரிங்க மேடம்." தம்பி எழுந்தான். "அப்ப அவ சொன்னதுதான் சரி."

"யாரு, உன் பொண்டாட்டியா? என்னடா சொன்னா?"

"எனக்கு மனசுன்னு ஒண்ணே கிடையாதுன்னு சொல்லிட்டு வீட்டை விட்டுப் போயிட்டா, அக்கா. ரெண்டு மாசமாச்சு. வேலை முடிஞ்சு வந்ததும் ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேசாம, கதவைச் சாத்திட்டு உட்காரணும் எனக்கு. அவமேல கோபம்னு நினைச்சுட்டா. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. ஏதாவது காரணம் இருக்கும்னுதான் இங்க வந்தேன்."

அக்கா மேஜைமேல் இருந்த படிவத்தை இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"வேற ஒண்ணு குடுங்க மேடம்."

"தம்பி மேல பாசம் இருக்கலாம். அதுக்காகப் பொய் எழுதக் கூடாதுங்க."

"இவ்வளவு நேரம் எழுதினதுதாங்க பொய். இவனுக்கு ஆறு வயசு இருக்கும்போதே டாக்டர் ஆட்டிசம்னு சொல்லிட்டார். வெளிய தெரிஞ்சா எந்த ஸ்கூல்லயும் சேர்த்துக்க மாட்டாங்க, இவனுக்கே தெரியக் கூடாது, நீதான் கூடவே இருந்து சமாளிக்கணும்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. அப்ப எனக்குப் பத்து வயசு."