பன்னிரண்டாவது குழி

சவரிமுத்து தன் சிறுவயது விளையாட்டுக் காசுப் பெட்டியை, அப்படிப்பட்டவற்றைச் சேகரிக்கும் பத்மநாபனிடம் விற்றார். பெட்டியில் பன்னிரண்டு குழிகள், காசுகள் பதினொன்றுதான். "இன்னொண்ணு எங்கய்யா?" என்று பத்மநாபன் கேட்டார். "அஞ்சு வயசுல முழுங்கிட்டேன். இன்னும் உள்ளதான் கிடக்கு," என்று சிரித்தபடி எக்ஸ்ரேயைக் காட்டினார் சவரிமுத்து. பத்மநாபன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "விளிம்புகூடத் தேயலையே!"

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆப்பிளோடு வந்து, "உடம்பு எப்படிங்கய்யா இருக்கு?" என்பார். நன்றாக இருக்கிறது என்றால் அவர் முகம் வாடிவிடும். அவர் எதிரில் இருமக்கூடப் பயந்தார் சவரிமுத்து.

இந்த வெள்ளிக்கிழமை ஆப்பிள் இல்லை. பெட்டியைத் திறந்து சவரிமுத்துவின் மடியில் வைத்துவிட்டு, பத்மநாபன் போய்க் கதவைத் தாழிட்டார்.