சுகர் லேண்ட் விலாசம்

அனந்தலக்ஷ்மி இதோ அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறாள் என்று ரூஃபஸ் போனில் ஆங்கிலத்தில் சொன்னபோது, அந்த அடுப்படியில் அவனைத் தவிர ஒரு ஈ, எறும்புகூட இல்லை. அனந்தலக்ஷ்மி டெக்சாஸிலேயே இல்லை. அவளும் அவள் புருஷன் பத்மநாபனும் நியூ ஜெர்சிக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

போன் செய்த அமெரிக்கக்காரி தன் பெயரையும், எங்கிருந்து பேசுகிறாள் என்பதையும் முதலிலேயே சொல்லத்தான் செய்தாள். ஆனால் நியூ ஜெர்சி, ப்ரவுன் டாட்சன், இன்சூரன்ஸ் கார்டு என்ற மூன்றும் காதில் விழுந்ததுமே ரூஃபஸுக்கு மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. எட்டு மாதமாக அவன் எதிர்பார்த்திருந்த போன் இது.

பத்மநாபனின் அந்த டாட்சன் காருக்கு இன்னும் டெக்சாஸ் நம்பர் ப்ளேட்தான். புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் இன்சூரன்ஸ், ஹூஸ்டனை ஒட்டிய ரூஃபஸின் சுகர் லேண்ட் விலாசத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கார்டின் பின்பக்கம் அவனுடைய போன் நம்பர்.

"ஒரே காரு, ஒரே டிரைவர். ஸ்டேட் மாறினா ப்ரீமியம் மூணு மடங்கா? டெக்சாஸ்ல மெடிகல் கவரேஜ் வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டா விட்டுடறான். இங்கே அதை எடுத்தே ஆகணுமாம்" என்று பத்மநாபன் அடிக்கடி புலம்புவார்.

இப்படித்தான் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் சிவராமகிருஷ்ணனும் ஒரு சிநேகிதனுக்கு விலாசம் இரவல் கொடுத்தார். இன்சூரன்ஸ்காரன் போன் பண்ணியதும் உளறிக்கொட்டினார். சிநேகிதனின் பாலிசி ரத்தானது. எட்டு மாதத்துக்கு முன் அதைக் கேட்ட அன்றே பத்மநாபன் ரூஃபஸுக்குப் பாடம் நடத்தினார்.

"யார் போன் பண்ணினாலும், எவ்வளவு நைச்சியமாக் கேட்டாலும், நாங்க ரெண்டு பேரும் அங்கேதான் இருக்கோம். காரை யாரோ வெளியூர் ட்ரிப்புக்கு வாங்கிண்டு போயிருக்கா. அதுக்கு மேலே ஒரு வார்த்தை பேசாதே."

பத்மநாபனுக்காக மட்டும் என்றால் ரூஃபஸ் தயங்கியிருப்பான். கிரீன் கார்டு இன்னும் கைக்கு வராதவன். ஆனால் எண்பத்து மூன்றில் நாகர்கோவிலிலிருந்து வந்திறங்கிய முதல் மாதமே அவனுக்கு அம்மை போட்டது. கூடத் தங்கியிருந்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். பன்னிரண்டு நாளும் கஞ்சியும் வேப்பிலையுமாக வந்து நின்றவள் அனந்தலக்ஷ்மி. வேப்பிலை அவளுக்கு ஹூஸ்டனில் எங்கே கிடைத்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அந்த அக்காவுக்காக ஒரு பொய்கூடச் சொல்லாவிட்டால் அவன் என்ன மனுஷன்.

"அவளிடம் பேச முடியுமா?" என்றாள் போன்காரி. அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ யார் பெயரையோ கூப்பிட்டார்கள். பெரிய ஆபீஸ்தான் என்று நினைத்துக்கொண்டான்.

"கை வேலையாக இருக்கிறாள். ஆங்கிலமும் சரியாக வராது."

"கணவர்?"

"குளிக்கிறார்."

"அவளை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்களா? நன்றாக இருக்கிறாளா?"

இது என்ன கேள்வி என்று ரூஃபஸுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கரண்டியை எடுத்து வெறும் வாணலியில் இரண்டு தட்டுத் தட்டினான். "கேட்கிறதா? என் எதிரில்தான் நிற்கிறாள். நன்றாகவே இருக்கிறாள்."

"கடவுளுக்கு நன்றி" என்றாள் அவள். இந்த ஊர்க்காரர்களுக்கு வேவு பார்க்கும்போதுகூட மரியாதை போகாது என்று அவன் வியந்தான்.

"அப்படியானால், இங்கே இந்தக் காரை ஓட்டிவந்த இந்தியப் பெண் யார்?"

"தெரியாது. யாரோ ட்ரிப்புக்கு இரவல் வாங்கிப் போனார்கள்."

"பெயர்?"

"தெரியாது."

"அவளுக்கு வேண்டியவர்கள் யாரையாவது?"

"யாரையும் தெரியாது" என்றான் மூன்றாவது முறையாக, கொஞ்சம் எரிச்சலைச் சேர்த்து.

அவள் பெருமூச்சு விட்டாள். ஏதாவது நினைவுக்கு வந்தால் கூப்பிடச் சொல்லி நிறுத்தி நிதானமாக ஒரு நம்பரைச் சொன்னாள். ரூஃபஸ் எழுதிக்கொள்வதுபோல ஒவ்வொரு எண்ணுக்கும் "ம்" கொட்டினான். கையில் கரண்டிதான் இருந்தது.

போனை வைத்த கையோடு நியூ ஜெர்சிக்குப் போட்டான். முதல் மணி அடித்து முடிவதற்குள் பத்மநாபன் எடுத்துவிட்டார். அவர் வாயைத் திறக்க இவன் இடம் கொடுத்தால்தானே.

"சார், இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு லேடி போன் பண்ணிச்சு. நியூ ஜெர்சிலதான் இருக்கு. கார்ல இருந்த கார்டைப் பார்த்திருக்கா. நான் விடுவேனா? அக்கா என் எதிர்லதான் நிக்காங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்லா. அந்தக் காரை ஓட்டுன பொம்பளை யாருன்னே தெரியாதுன்னுட்டேன். நம்பிட்டா சார். இனிமே அந்தப் பக்கத்துல இருந்து ஒரு போன் வராது."

எதிர்முனையில் சிரிப்பு வரும், சபாஷ் வரும் என்று ரூஃபஸ் காத்திருந்தான்.

"மூணு மணிக்கு, கொழந்தையை டேகேர்லேர்ந்து அழைச்சிண்டு வரேன்னு காரை எடுத்துண்டு போனா" என்றார் பத்மநாபன். "கொழந்தை இன்னும் அங்கேயே உக்காந்துண்டிருக்குன்னு டேகேர்க்காரா இப்பதான் கூப்பிட்டுச் சொன்னா. இவ லைசென்ஸ், பர்ஸ் எல்லாம் இங்கே டேபிள் மேலேயே கிடக்கு."

அந்த ஒலிபெருக்கிச் சத்தம் ஆஸ்பத்திரியுடையது என்று கரண்டியும் கையுமாக நின்ற ரூஃபஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த லேடி உங்கிட்டே ஏதாவது நம்பர் குடுத்தாளா, ரூஃபஸ்?"