தூக்குக்குத் தகுதி

சிறை டாக்டர், தூக்குக் கைதியான கொத்தனாரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, எடுக்க மனமில்லாமல் நின்றார்.

அந்தப் பாழாய்ப்போன இதயம் ஒரு துடிப்புகூடத் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஜெயிலர் படிவத்தோடு காத்திருந்தார். நாளைக் காலை தூக்கு. 'உடல்நிலை நன்று' என்று டாக்டர் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

நோயாளியைத் தூக்கில் போடக் கூடாது என்பது சிறை விதி. காய்ச்சல் என்றால் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ஆளைத் தேற்றி, அதற்கப்புறம்தான் கொல்ல வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவானை டாக்டர் ஆரம்பத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கொத்தனார் தன் கூட்டாளியைக் கொன்றவன். முதல் நாளே ஒப்புக்கொண்டான். டாக்டருக்கும் அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒருவன் சாகத் தகுதியானவன் என்று எழுதிக் கொடுப்பதற்காக அவர் மருத்துவம் படிக்கவில்லை.

குடிமகனைக் கொல்ல அரசியல் சாசனம் அரசுக்கு அனுமதி தருகிறதா என்ற வழக்கு ஆறு வருடமாகப் பெரிய கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை தூக்கை நிறுத்திவைக்கத்தான் ஒரு நீதிபதிக்கும் தோன்றவில்லை. சரி போகட்டும் என்று அந்த வேலையை டாக்டரே எடுத்துக்கொண்டார்.

முதல் தூக்குத் தேதிக்கு ரத்தக் கொதிப்பு. மாடிப்படியில் ஏழு முறை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு அளந்தார்.

இரண்டாவதற்கு மஞ்சள் காமாலை. அப்புறம் தலைசுற்றல். நான்காவது தடவை காலில் ஆணி. மேடைப்படி ஏற முடியாது என்று கூசாமல் எழுதினார். ஜெயிலர் அதையும் முழுசாகப் படித்து, தொண்டையைச் செருமி, கோப்பில் வைத்துக்கொண்டார்.

இன்று பதினோரு மணிக்கு ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு. படிவம் போய்ச் சேர வேண்டியதும் அதே பதினோரு மணிக்குத்தான்.

மணி பத்து ஐம்பத்தைந்து. டாக்டரின் சரக்கு தீர்ந்துவிட்டது.

இமையை இழுத்துப் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பச்சைக் குழந்தையின் நாக்கு மாதிரி இருந்தது. டாக்டருக்கு எரிச்சலே வந்தது. ஆறு வருடம் ஜெயிலில் கிடந்தவன் இவ்வளவு ஆரோக்கியமாகவா இருப்பான்? அவருக்கே சர்க்கரை, மூட்டுவலி, தூக்கமின்மை. அதில் ஒன்றை இவனுக்கு எழுதி வைக்க வழியிருந்தால் சந்தோஷமாக எழுதி வைத்திருப்பார்.

பேனாவைத் திறந்தார். பொய் சொல்லவும் ஒன்றும் தோன்றவில்லை, உண்மையை எழுதவும் விரல் வரவில்லை.

கொத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் ஆபீஸில் டெலிபோன் அடித்தது. ஜெயிலர் ஓடினார்.

போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார். மூன்றுக்கு இரண்டு. சாசனத்தில் இடமில்லையாம். இனி யாருக்கும் தூக்கு இல்லை.

ஜெயிலர் படிவத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி வெளியே போனார்.

டாக்டர் நோயாளிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமில்லாமல் அழுதார். ஆறு வருடமாகத் தான் காப்பாற்றியது இந்த அப்பாவிக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டபோது அழுகை இன்னும் கொஞ்சம் சுகமாக இருந்தது.

கொத்தனார் அவர் முன்னால் குனிந்து, விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினான். கடைவாய்ப் பல் ஒன்று பாதி கறுத்து, ஈறு அழுகிக் கிடந்தது.

"எட்டு மாசமா உயிர் போவுது டாக்டர். உங்ககிட்ட வியாதி தீர்ந்துபோற அன்னிக்கு ஆவும்னு பத்திரமா வெச்சிருந்தேன். இனிமே புடுங்கிடலாம்ல?"