வால் கரையும் நாள்

குளத்து ஆமை, கரையேறப் போகும் தலைப்பிரட்டைகள் தடுமாறக் கூடாதென்று செல்போனில் ஒரு செயலி செய்தது. நாற்பத்தொரு பெரிய தவளைகளை ஒன்று விடாமல் விசாரித்து, ஈ பிடிப்பதிலிருந்து பாம்பிடம் தப்புவது வரை இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தது.

சோதித்துப் பார்க்க வந்த தலைப்பிரட்டை, மூக்கால் திரையைத் தள்ளித் தள்ளிக் கடைசிவரை பார்த்தது.

"வால் கரையும்போது வலிக்குமா, அத்தை? அது இதில் இல்லையே. தெரியாமல் நான் கரைக்கு வரமாட்டேன்."

ஆமைக்கு வெட்கமாகிவிட்டது. நாற்பத்தொரு பேரிடமும் மறுபடி போய்க் கேட்டது.

"எங்களுக்கு ஏது வால்?" என்று தவளைகள் சிரித்தன.

ஆமை திரும்பி வந்து, "தெரியவில்லை, கண்ணு. ஆனால் அது கரைகிறவரை உன் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றது. சொன்னபடி ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் ஒரு குட்டித் தவளை அதன் ஓட்டின் மேல் தாவி ஏறியது. "கொஞ்சம் கூசியது, அவ்வளவுதான். எழுதிக்கொள், அத்தை!"

இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு ஆமை எழுதிக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து, எத்தனை நாள் கூசியது என்று கேட்கப் போனது.

"வாலா? எனக்கா?" என்று சிரித்துவிட்டு, குட்டித் தவளை ஈயைத் துரத்திக்கொண்டு ஓடியது.

ஆமை செல்போனை எடுத்துக்கொண்டு, வால் உள்ளவர்கள் நீந்தும் பக்கமாக நகர்ந்தது.